வெண்டெல் தோட்டத்துக்கு மணி கிடையாது

வெண்டெலின் திராட்சைத் தோட்டம் தொடங்குகிற இடத்தில் பிரோஷ்காவின் இடது கட்டைவிரல் தானாகப் போய் சைக்கிள் மணியின் மேல் உட்கார்ந்துகொள்ளும். அந்த இடத்தில் பாதை வெறும் கல். மணியும் பழசு, திருகு தளர்ந்தது. சக்கரம் கல்லில் ஏறி இறங்கினால் யாரும் தொடாமலே கிணிகிணி என்று அடித்துக்கொள்ளும். மற்றவர்களின் தோட்டங்களைக் கடக்கும்போது அது பாட்டுக்கு அடிக்கட்டும் என்று விட்டுவிடுவாள். உரிமையாளர் தலை தெரிந்தால் தானே ஒருமுறை தட்டியும் காட்டுவாள். வெண்டெலின் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரைக்கும் மட்டும் விரல் மணியை அமுக்கியே இருக்கும். வலது கையில், குருவி விரட்டுகிற மரக் கிலுக்கட்டை மட்டும் மற்ற இடத்தில் சுழல்வது போலவே இங்கேயும் கடகடவென்று சுழலும்.

கேட்டால் பதில் தயாராக வைத்திருக்கிறாள். "கிலுக்கட்டை ஊர்க்காசுல வாங்குனது, அதுல அவனுக்கும் பங்கு உண்டு. மணி என் சொந்தக்காசு."

வெண்டெல் அவளுடைய பழைய புருஷன். பிரிந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறான்.

பிரோஷ்கா எங்கள் ஊர்த் திராட்சைக்குக் காவல்காரி. காய் நிறம் மாறுகிற நாளிலிருந்து கடைசிக் குலை அறுபடுகிற வரைக்கும், விடிந்ததிலிருந்து இருட்டும் வரை, சைக்கிளில் சுற்றிக்கொண்டே இருப்பது அவள் வேலை. சரிவின் மேல்பாதையில் தோட்டங்களை ஒட்டிப் போவாள். பாதை வெண்டெலின் தோட்டத்தோடு முடிந்து ஏரிப் பக்கம் இறங்கும். அங்கிருந்து நாணல் காட்டுக்குள் பலகை போட்ட கரை, அதன் கோடியில் மதகு, பிறகு நெட்டை மரங்களின் சாலை, மறுபடியும் ஊர். மறுபடியும் மேல்பாதை. இதற்கு அவள் வைத்திருக்கும் பெயர் 'சுத்து'. "நாலு சுத்து முடிஞ்சுது, அஞ்சாவது சுத்துல வந்து பேசுறேன்" என்பாள். பேச வரமாட்டாள்.

இதே பாதையில்தான் ஏரியைச் சுற்றிப் பார்க்கிற வெளியூர்க்காரர்களும் போகிறார்கள். உடம்போடு ஒட்டிய பளபளச் சட்டை, காற்றைப் போல் எடையில்லாத சைக்கிள். பிரோஷ்காவுடைய வண்டி தபால்காரர் ஓட்டித் தேய்த்துக் கழித்துவிட்ட இரும்பு. கியர் கிடையாது, பிரேக் உண்டு என்று சொல்லலாம், நம்பக் கூடாது. அவள் நிறுத்துவது ரப்பர் பூட்ஸைத் தரையில் தேய்த்துத்தான். வண்டிக்குப் பெயர் 'கிழவன்'. வெளியூர்க்காரர்கள் நிறுத்தி, இங்கே பறவை பார்க்க எது நல்ல இடம் என்று கேட்பார்கள். "என் பின்னாடியே வாங்க, நிறைய பாக்கலாம். படம் எடுக்காதீங்க, கல்லை எடுங்க" என்று சொல்லிவிட்டு மிதிப்பாள். அவர்கள் சிரிப்பார்கள். அவள் அதைச் சிரிப்புக்காகச் சொல்வதே இல்லை.

பறவை என்றால் சூறைக்குருவி. கறுப்புக் கோட்டில் வெள்ளைப் பொட்டு வைத்துத் தைத்தது போல் பளபளவென்று வரும். இரவு நாணலுக்குள் தங்கும். விடிந்ததும் கும்பலாகக் கிளம்பி, எந்தத் தோட்டத்தில் ஆளில்லையோ அங்கே இறங்கும். கால்மணி நேரம் போதும், ஒரு வரிசையில் தோலும் காம்பும்தான் மிஞ்சும். பிரோஷ்கா இவற்றை மாப்பிள்ளைகள் என்பாள். "கோட்டு போட்டுக்கிட்டு வரும், திங்கும், ஒரு வார்த்தை பேசாது, போயிடும். வேற என்ன பேரு வைக்கிறது?"

பந்தியில் உட்காரப் போகிற மாப்பிள்ளைகளை எழுப்புவது கலை. தூரத்தில் வரும்போதே கத்தினால் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும். இறங்கி வாய் வைத்த பிறகு கத்தினால் பாதி அங்கேயே உட்கார்ந்திருக்கும். இறக்கையை மடக்கப்போகிற அந்த நொடியில் கிலுக்கட்டை சுழல வேண்டும். "சாப்பிட்டாச்சு, கிளம்புங்க மாப்ளே, உங்க அம்மா தேடுவா" என்று அவள் சொல்லும்போது குரலில் கோபமே இருக்காது. வண்டிப் பெட்டியில் பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியும் ஒரு பச்சை வெங்காயமும் எப்போதும் உண்டு. அதையும் மிதித்துக்கொண்டேதான் கடிப்பாள்.

எங்கள் ஊரில் இரண்டு கட்டுப்பாடு உண்டு. காய் பழுக்கத் தொடங்கியதும் 'மலையைப் பூட்டுவோம்', மலை என்றால் இந்தத் திராட்சைச் சரிவு. வைக்கோல் முடிச்சு கட்டிய கம்பு ஒவ்வொரு தோட்டத்து வாயிலிலும் நடப்படும். கம்பு நின்றால் காவலாளியைத் தவிர யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது, தோட்டத்துக்காரனே ஆனாலும். அவனவன் அறுவடை நாளில்தான் கம்பைப் பிடுங்குவார்கள். அடுத்தவன் குலை தன் கூடைக்கு வராமலிருக்க எந்தக் காலத்திலோ போட்ட விதி. அண்ணன் தம்பியே ஒருவரையொருவர் நம்பாத ஊரில் அது இன்னும் நிற்கிறது. இன்னொன்று, காவலாளி மலையை வலமாகத்தான் சுற்ற வேண்டும், திராட்சை வலது கைப் பக்கம் இருக்கும்படி. இடம் சுற்றினால் ஆலங்கட்டி மழை வரும் என்பார்கள். பிரோஷ்காவுக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் ஒருநாளும் அவள் இடம் சுற்றியதில்லை.

இந்த வருடம் சிக்கல் வந்தது வெண்டெலால். ஊரெல்லாம் அறுத்து முடித்துவிட்டது. சாறு பீப்பாயில் நுரைத்துப் புளிக்கிற வாசனை தெருத்தெருவாக நிற்கிறது. மேல்பாதை முழுக்கக் கம்பு பிடுங்கிய குழிதான். ஒரே ஒரு கம்பு நிற்கிறது, வெண்டெலுடையது. இன்னும் இனிப்பு ஏறட்டும் என்று சனிக்கிழமை வரைக்கும் விட்டுவைத்திருக்கிறான். ஆட்களும் அன்றைக்குத்தான் வருகிறார்கள்.

கடைசியாக நிற்கிற தோட்டம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். நாணலில் இருக்கிற அத்தனை சூறைக்குருவிக்கும் இனி அது ஒன்றுதான் இலை.

ரோசாலின் ஒயின்கடையில் திங்கட்கிழமையே பேச்சு தொடங்கிவிட்டது. ரோசாலுக்கும் பிரோஷ்காவுக்கும் ஒரே வயது. ஒன்றாகப் பள்ளிக்குப் போனவர்கள், அதனால் வாய்க்கு வந்ததைச் சொல்லும் உரிமை ரோசாலுக்கு உண்டு.

"ஏன் பிரோஷ்கா, உன் ஆளு ஏன் கடைசியா விட்டு வச்சிருக்கான்னு தெரியுமா?"

"என் ஆளுன்னு எவனும் இல்ல. சோடா கொஞ்சம் தூக்கலா ஊத்து."

"மாப்ளைங்களுக்கு இந்த வருஷம் விருந்துதான்னு பந்தயம் கட்டியிருக்கானுங்க, அந்த மூலை மேசையில. பழைய கடனை நீ குருவியை விட்டுத் தீத்துக்கப்போறியாம்."

மூலை மேசை தன் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டது. பிரோஷ்கா குடித்து முடித்துக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்ப நான் அங்கேயே குந்தியிருந்து காவல் காத்தா?"

"புருஷனை நினைச்சு ஏங்குறான்னு சொல்லுவானுங்க" என்றாள் ரோசால். "நான்தான் முதல்ல சொல்லுவேன்."

விஷயம் இதுதான். வெண்டெலின் குலைகள் போனால், பிரோஷ்கா வேண்டுமென்றே விட்டுவிட்டாள் என்பதைத் தவிர வேறெதையும் ஊர் நம்பாது. காவல்காரிக்கு நிலம் கிடையாது, சாராய அடுப்பு கிடையாது, சொல்லிக்கொள்ள ஒரு பீப்பாய் கிடையாது. யார் தோட்டம் என்று பார்க்காமல் காப்பாள் என்ற பேர் ஒன்றுதான் அவளுக்கு. அது போனால் அவள் கிழவனைக் கிணற்றில் தள்ளிவிட்டு, ஏரிக்கு அந்தப் பக்கம் போய் விடுதி அறை பெருக்க வேண்டியதுதான்.

எங்கள் தோட்டக்காரர்களுக்கெல்லாம் தலைவர் ஆம்ப்ருஷ். மலை மணியக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல மனிதர், அதனால் யாருக்கும் உதவாதவர். செவ்வாய்க்கிழமை அவர் பாதையில் நின்று தொப்பியைக் கழற்றினார்.

"நான் உன்னை நம்புறேன் பிரோஷ்கா."

"நம்புறவங்க தொப்பியைக் கழட்டிக்கிட்டு வந்து சொல்லமாட்டாங்க அண்ணே."

"ஊர் நம்பணுமே. அதுக்குத்தான் சொல்றேன். சனிக்கிழமை வரைக்கும் பாத்து நடந்துக்க."

பார்த்து நடந்துகொள்வது என்றால் என்ன என்று அன்று முழுக்க மிதித்துக்கொண்டே யோசித்தாள். அதிகமாக நின்றால் ஏக்கம். குறைவாக நின்றால் பழி. ஆகவே மற்ற தோட்டங்கள் இருந்தபோது எப்படிப் போனாளோ அப்படியே போவது என்று முடிவெடுத்தாள். அதே வேகம், அதே பாதை, வெண்டெலின் வரிசைகளுக்கு அதே அளவு கிலுக்கட்டை. மேல்பாதையில் காலியாக நிற்கிற தோட்டங்களையும் விடாமல் சுற்றினாள். யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. தராசு தோற்கும்.

புதன்கிழமை மதியம் வெண்டெலின் நாணல் பக்க வரிசையில் தோல் தொங்கியது.

முதலில் கண்ணை நம்பவில்லை. இறங்கிப் போய்த் தொட்டுப் பார்த்தாள். குலை குலையாக உள்ளே ஒன்றுமில்லை. மூன்று வரிசை. இப்போதுதானே போனேன், ஒரு இறக்கை கூட இல்லையே என்று அவள் வாய்விட்டே சொன்னாள். நாணலுக்குள் ஆயிரம் தொண்டை கீச்சுக்கீச்சென்று பேசிக்கொண்டிருந்தது, ஒன்று கூட வெளியே தெரியவில்லை.

வேகத்தைக் கூட்டினாள். வியாழக்கிழமை காலை ஒரு வாய் ரொட்டி கூட இறங்கவில்லை. சுற்றுக்குச் சுற்று இன்னொரு வரிசை போயிற்று. அவள் வரும்போது தோட்டம் சாது போல நிற்கும். போய்விட்டுச் சுற்றி வந்தால் மண்ணில் தோலும் எச்சமும். மாப்பிள்ளைகளை அவள் அன்றைக்கு வேறு பெயர் சொல்லி அழைத்தாள். அதை இங்கே எழுத முடியாது.

வெண்டெல் தினமும் காலையில் தன் கம்பருகில் வந்து நிற்பான். உயரமான ஆள், தோள் கொஞ்சம் முன்னால் வளைந்தது, தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருப்பான். கம்புக்கு இந்தப் பக்கம். உள்ளே போகமாட்டான், விதி. தன் குலைகள் போவதை வெளியிலிருந்து பார்ப்பான். பிரோஷ்கா கடக்கும்போது ஏரியைப் பார்ப்பான். ஒரு வார்த்தை இல்லை. திட்டினால் கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. இவர்கள் பிரிந்ததற்குக் காரணமே இதுதான். அடி இல்லை, குடி இல்லை, இன்னொருத்தி இல்லை. அவள் கத்துவாள்; அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து நிலவறைக்குப் போவான், பீப்பாயைத் தட்டிப் பார்க்க. "செவுத்தோட குடித்தனம் பண்ணேன்" என்று நீதிபதியிடம் சொன்னாள். நீதிபதி வெண்டெலைப் பார்த்து, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார். அவன் அவருக்கும் பதில் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. ஏரியிலிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. வெண்டெலின் தோட்டத்தை விரலை மணியில் வைத்துக் கிலுக்கட்டை சுழற்றிக் கடந்தாள். கம்பருகில் நின்றவனை அவள் பார்க்கவில்லை. இன்னும் பாதித் தோட்டம் இருந்தது. நாளை காலை வரை. அவ்வளவுதான் வேண்டும்.

ஏரிப் பக்கம் இறங்கி, விரலை எடுத்து, பலகைக் கரையில் ஏறினாள். பலகைக்குப் பலகை மணி தானாக அடித்துக்கொண்டு வந்தது. கரையின் நடுவில் போகும்போது சடக் என்று மிதி காலியானது. சங்கிலி கழன்றுவிட்டது.

வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டு இறங்கி, வண்டியைச் சாய்த்து, மண்டியிட்டுக் கையை எண்ணெயில் விட்டாள். மணி நின்றது. பனிக்குள் நாணல் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. எல்லாத் தொண்டையும் ஒரே நேரத்தில் அடங்கியது. பிரோஷ்கா தலையைத் தூக்காமல் அப்படியே இருந்தாள். அவளுக்குத் தெரியும், இவை வாயை மூடுவது காதைத் தீட்டுவதற்கு.

அவள் பின்னால் நாணலிலிருந்து ஒரு கும்பல் எழுந்தது. துணியை உதறுவது போல ஒரே சத்தம். தயங்காமல், ஒரு வட்டம் கூடப் போடாமல், நேராக வெண்டெலின் தோட்டத்துக்குப் போய் இறங்கியது.

மண்டியிட்டபடி அவள் அதைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க எல்லாம் புரிந்தது. நான்கு நாளாக அவள் ஒரே வழியில், மணியை அடித்துக்கொண்டு சுற்றியிருக்கிறாள். நாணலுக்குள் உட்கார்ந்திருக்கிறவை அந்த மணியைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கின்றன. பலகைக் கரையில் மணி கேட்டால் இனி ஒரு முழுச் சுற்றுக்கு இவள் வரமாட்டாள். மதகு, நெட்டை மரம், ஊர், காலித் தோட்டங்கள் எல்லாம் முடித்துத்தான் வருவாள், ஏனென்றால் இவள் நியாயஸ்தி. ஊர் வாய்க்குப் பயந்து அவள் பிடித்த தராசு மாப்பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு மணியாகப் போயிற்று.

"அடிப்பாவி" என்றாள். தன்னைத்தான் சொன்னாள்.

சங்கிலியை மாட்டினாள். வண்டி மதகைப் பார்த்து நின்றது. வலமாகப் போனால் அந்தச் சுற்று முடிவதற்குள் தோட்டத்தில் ஒரு குலை மிஞ்சாது. வந்த வழியே திரும்பினால் எட்டிப் பிடிக்கிற தூரம். ஆனால் அது இடம். திராட்சை இடது கைக்கு வரும். ஊரார் கண்ணில் படும், மற்றதையெல்லாம் விட்டுவிட்டு வெண்டெலிடம் திரும்பி ஓடினாள் என்று ஏழு தலைமுறைக்குச் சொல்வார்கள். ஒரு நொடி நின்றாள். பிறகு கிழவனின் முன்சக்கரத்தைத் தூக்கித் திருப்பிப் போட்டாள்.

கட்டைவிரல் மணியின் மேல். இந்த முறை வெண்டெலுக்குக் கேட்கக் கூடாதென்று இல்லை. நாணலுக்குக் கேட்கக் கூடாதென்று. பலகை பனியில் நனைந்து சோப்புப் போட்டது போல இருந்தது. ஒரு கையால் பிடித்து மிதித்தாள். எதிரே பளபளச் சட்டைக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். முதலில் வந்தவன், "அம்மா, நீங்க எதிர்ப்பக்கம் வர்றீங்க" என்றான். "தெரியும், ஒதுங்கு" என்றாள். கரை அகலம் இரண்டு முழம். எல்லாரும் வண்டியோடு நாணலில் சாய்ந்தார்கள். கடைசி ஆளின் பூட்ஸ் தண்ணீருக்குள் போகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

மேட்டில் ஏறும்போது மூச்சு இரைத்தது. தோட்டத்துக்கு மேலே ஒரு பருந்து ஆடாமல் நின்றிருந்தது. அதைப் பார்த்ததும் இன்னும் அழுத்தி மிதித்தாள். மேலே பருந்து நின்றால் குருவி எழாது. கொடிக்குள் பதுங்கும், பதுங்கின இடத்திலேயே தின்னும்.

கம்பருகில் வெண்டெல். அவனைத் தாண்டி வண்டியை அப்படியே மண்ணில் போட்டுவிட்டு வரிசைக்குள் ஓடினாள். கொடி முழுக்கக் கறுப்பாக அசைந்தது. கிலுக்கட்டையைத் தலைக்கு மேல் சுழற்றினாள். இரண்டு சுழற்று; மூன்றாவதில் உள்ளே இருந்த மர நாக்கு முறிந்து பறந்தது. கையில் பிடி மட்டும். பக்கத்துக் குலையில் உட்கார்ந்திருந்த ஒன்று கழுத்தைச் சாய்த்து அவளைப் பார்த்தது, ஒரு பழத்தை விழுங்கியது, பேசாமல் அடுத்ததற்குப் போனது.

அந்தப் பேசாமைதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"திங்கிற, திங்கிற, வாயைத் திறந்து ஒரு வார்த்தை வருதா" என்று ஆரம்பித்தாள். வேறு எதுவும் வாயில் வரவில்லை. பல வருடம் தினமும் சொல்லிப் பழகிய வார்த்தைகள் இவைதான். "ஒருத்தி நாள் பூரா தொண்டை கிழியக் கத்துறாளே, என்னடி உனக்கு, ஏன்டி கத்துறன்னு ஒரு நாளாவது கேட்டியா. செவுத்துக்காவது காது உண்டும்பாங்க. உனக்கு அது கூட இல்லியா. எந்திரி. எந்திரிச்சு நில்லு. நிலவறைக்குப் போகாத, இங்க நில்லு, என் மூஞ்சியப் பாத்து எதாவது சொல்லு. ஆமான்னாவது சொல்லு, இல்லேன்னாவது சொல்லு."

வரிசைக்கு வரிசை ஓடிக்கொண்டே கத்தினாள். குரல் ஏரி வரைக்கும் போயிற்று. மேல்பாதையில் போன டிராக்டர் நின்றது. ஆம்ப்ருஷ் அதிலிருந்து இறங்கினார், தொப்பியைப் போட்டபடியே. கடைப்படியில் ரோசால் துடைப்பத்தோடு வந்து நின்றாள். முதலில் ஒரு மூலை அசைந்தது, பிறகு தோட்டம் முழுக்க ஒரே உதறலாகக் கறுப்பாக எழுந்தது. பருந்து அதன் நடுவில் பாய்ந்தது. கும்பல் இரண்டாகப் பிளந்து ஏரிக்கு மேல் போயிற்று.

பிரோஷ்கா இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து நின்றாள்.

"ஆமா" என்றான் வெண்டெல், கம்புக்கு வெளியிலிருந்து.

அவள் நிமிர்ந்தாள். தலைத்துண்டு கழுத்துக்கு வந்திருந்தது.

"எதுக்கு ஆமா?"

தொப்பியை ஒரு முழுச் சுற்று திருப்பினான். "எல்லாத்துக்கும்."

அவளுக்கு அழுகை வந்தது. அதைக் காட்டிக்கொள்ள வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று மூக்கை உறிஞ்சினாள். கும்பல் ஏரி மேல் திரும்பிக்கொண்டிருந்தது.

"வேணும்னுதான் கடைசியா விட்டியா?"

"ஆமா."

"ஏன்?"

"நீ பாத்துப்பேன்னு."

"மத்தவன் தோட்டத்தையும் நான்தான் பாத்துக்கிட்டேன்."

"தெரியும். மத்தவனுக்கெல்லாம் மணி கேக்கும். எனக்கு மட்டும்தான் நீ விரலை வைப்ப" என்றான்.

அவன் ஒரு காலை முன்னால் எடுத்து வைத்தான். "உள்ள வரட்டுமா?"

"வராத. மலை பூட்டியிருக்கு." அவள் கையிலிருந்த முறிந்த பிடியைக் காட்டினாள். "கிலுக்கட்டை போச்சு. உன் நிலவறையில பீப்பாய் வளையம் கிடக்கும்ல, ஒண்ணை எடுத்துட்டு வா, சுத்தியலும். கம்புக்கு அந்தப் பக்கம் நின்னு தட்டு. நான் உள்ள பாத்துக்கிறேன்."

அவன் ஓடினான். வெண்டெல் ஓடி யாரும் பார்த்ததில்லை.

அன்று இருட்டும் வரை அவள் சுற்றுக்குப் போகவில்லை. காலித் தோட்டங்களை ஒருமுறை கூட எட்டிப் பார்க்கவில்லை. வரிசைக்குள் அவள் மேலும் கீழும் நடந்தாள். வெளியே அவன் வளையத்தைத் தட்டிக்கொண்டே இருந்தான். எப்போது தட்டுவான் என்று மாப்பிள்ளைகளுக்குக் கணக்குப் பிடிபடவில்லை, ஏனென்றால் அவனுக்கே பிடிபடவில்லை. மதியம் ரோசால் கம்பருகில் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"பழையபடி குடித்தனம் ஆரம்பிச்சாச்சா?"

"ஆரம்பிச்சா உனக்குச் சொல்லி அனுப்புறேன்" என்றாள் பிரோஷ்கா. "இப்ப இது குருவி. சும்மா நிக்காம ஒரு தட்டு எடுத்துட்டு வந்து அந்த மூலையில அடி. உன் மூலை மேசையையும் கூட்டிட்டு வா."

ரோசால் போனாள். தட்டோடு வந்தாள். மூலை மேசையும் வந்தது, பந்தயத்தில் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாத முகத்தோடு. ஆம்ப்ருஷ் வானத்தைப் பார்த்தார். "இடம் சுத்தியிருக்க பிரோஷ்கா. ஆலங்கட்டி வந்தா உன் தலையிலதான் விழும்" என்றார். அவரும் இரண்டு கல்லை எடுத்துத் தட்டத்தான் செய்தார்.

ஆலங்கட்டி வரவில்லை. சனிக்கிழமை காலை வெயில் தெளிவாக இருந்தது. நாணல் பக்க வரிசைகள் போனது போனதுதான். வெண்டெலுக்கு இந்த வருடம் பீப்பாய் நிறையாது. ஆனால் மேல்பாதை வரைக்கும் மீதி அத்தனையும் கருநீலமாகத் தொங்கியது. ஆம்ப்ருஷ் நாக்கில் ஒரு பழத்தை வைத்து, கண்ணை மூடி, ஊருக்குக் கேட்கும்படி, "காவல்னா இது" என்றார். நல்ல மனிதர், கொஞ்சம் தாமதமாகத்தான் உதவுவார்.

கடைசிக் கம்பைப் பிடுங்கி மலையைத் திறப்பது காவல்காரியின் வேலை. பிரோஷ்கா அதைப் பிடுங்கி, வைக்கோல் முடிச்சை அவிழ்த்துக் காற்றில் விட்டு, கம்பைக் கிழவனின் முதுகில் கட்டினாள். வரிசைக்குள் ஆட்கள் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். வெண்டெல் நடுவில் முதுகைக் காட்டி நின்றிருந்தான். அவள் ஏறி மிதித்தாள். கத்திகள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லாருடைய கண்ணும் அவளுடைய இடது கை மேல்.

கல் தொடங்கியது. கட்டைவிரல் பழக்கத்தில் போய் மணியின் மேல் உட்கார்ந்தது. அவள் அதை ஒரு கணம் பார்த்தாள். பிறகு இடது கையை அப்படியே எடுத்துக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, ஒற்றைக் கையால் கிழவனைப் பிடித்தபடி, அவனுடைய கடைசி வரிசை வரைக்கும் கல்லிலேயே ஓட்டிக்கொண்டு போனாள்.